ஆறடிப் பலகையும் பன்னிரண்டடிப் பலகையும்



பள்ளி விடுமுறையில் ஆசிரியர்கள் என்னதான் செய்வார்கள் என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. கடந்த விடுமுறையில் நான் ஒரு பலகை தேடினேன். கரும்பலகை அன்று, கனமான பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வண்டியில் ஏற்றுவதற்கான சாய்தளம். கடைகளில் விசாரித்து, பட்டறையில் கேட்டு, இரவில் கணினியில் தேடி, தாளில் கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் கழிந்தன. "ஒரு மோட்டாரை ஏற்றுவதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று என் துணைவியார் கேட்டார். அவரிடம் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதுகிறேன். அவரும் படித்துக் கொள்வார்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். அறிவியல் பாடத்தில் எளிய எந்திரங்கள் என்னும் தலைப்பில் நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு ஆகியவற்றோடு சாய்தளமும் வருகிறது. மற்றவற்றையெல்லாம் மாணவர்கள் எளிதில் பிடித்துக் கொள்கிறார்கள். சாய்தளம் என்றதும் விழிக்கிறார்கள். சென்ற ஆண்டு, சரி, புரியட்டுமே என்று "ரேம்ப்" என்று சொல்லிப் பார்த்தேன். உடனே பாதி வகுப்பு கையை உயர்த்தியது. "பழம் போடுற எடம், ஐயா!"

தவறென்று எப்படிச் சொல்வது? சபாக் வட்டாரத்தில் ரேம்ப் என்றால் அதுதான். சிறுதோட்டக்காரர்கள் செம்பனைக் குலைகளைக் கொண்டு வந்து நிறுத்து விற்கும் இடம். அங்கே சிமெண்டினால் உயர்த்திக் கட்டிய மேடை இருக்கும். மேலே கொட்டும் குலைகள் சரிவில் உருண்டு வந்து, கீழே நிற்கும் பெரிய லோரியில் விழும். அங்கிருந்து ஆலைக்குப் போகும். அந்த மேடையின் பெயரே நாளடைவில் கடைக்கும் பெயராகிவிட்டது. என் மாணவர்களில் பலருடைய தந்தையர் வாரந்தோறும் அங்கே போய் வருகிறார்கள். ஆனால் அந்தச் சரிவு ஓர் எந்திரம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பகுதி சிலாங்கூரின் வடகோடி. பெர்ணம் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலம். கடலோரக் களிமண்ணும் புதைகரி மண்ணும் கொண்ட சமவெளி இது. செகிஞ்சான் பக்கம் வயல், இந்தப் பக்கம் தென்னையும் செம்பனையும், எல்லாமே தட்டையானவை. கடல்நீரைத் தடுக்கும் கரைமேல் ஏறி நின்றால் அதுதான் எங்களுக்கு மலை. ஏற்றம் என்றால் என்னவென்று காலால் அறியாத குழந்தைகளுக்குச் சாய்தளத்தைப் பாடமாக நடத்த வேண்டியிருக்கிறது. மேடு இல்லாவிட்டாலும் இங்கே வடிகால்களுக்குக் குறைவில்லை. வடிகால் இருக்குமிடமெல்லாம் அதன்மேல் ஒரு பலகை கிடக்கும். நான் சொல்ல வந்ததும் அத்தகைய ஒரு பலகையைப் பற்றித்தான்.

என் தந்தையார் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். அவரிடம் பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. "உந்துருளி" என்று எழுதத்தான் என் கை வருகிறது. ஆனால் அப்பாவிடம் அப்படிச் சொன்னால், "எவனோட உருளி?" என்பார். ஆகவே மோட்டார் சைக்கிள் என்றே எழுதுகிறேன். தமிழாசிரிய நண்பர்கள் பொறுத்துக் கொள்ள வேண்டும். பெர்மிங்ஹாமில் செய்யப்பட்ட இந்த வகை 1937இல் வெளிவந்தது. ஒற்றைச் சிலிண்டர், 496 சி.சி. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைகளுக்காக ஒரு லட்சத்து இருபதாயிரத்திற்கும் மேல் செய்யப்பட்டது. வேகத்திற்குப் பேர்போனதன்று, எதையும் தாங்கும் என்பதே அதன் பெருமை. எடை ஏறத்தாழ 170 கிலோ. இன்று வீட்டுக்கு வீடு நிற்கும் சிறிய மோட்டார்களின் எடை நூறு கிலோவை ஒட்டியே இருக்கும். இரண்டையும் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு தோளில் தெரியும்.

தோட்டத்து டிரசர் ஓய்வு பெற்றுப் போனபோது அப்பா அதை அவரிடமிருந்து வாங்கினார். நான் பிறந்து சில ஆண்டுகள் கழித்து நடந்தது அது. எண்ணெய்த் தொட்டியின்மேல் என்னை உட்கார வைத்துச் சபாக் பட்டணத்திற்கு அழைத்துச் செல்வார். அந்தச் சத்தம் தொலைவில் கேட்டாலே அம்மா உலை வைத்துவிடுவார்.

1996ஆம் ஆண்டு தோட்டம் கைமாறி, நாங்கள் லயத்தை விட்டு வெளியேறி, பட்டணத்தை ஒட்டிய மலிவு விலை வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தோம். எனக்கு அப்போது பதினைந்து வயது. மழைக்காலம். சாமான்களை ஏற்ற மூன்று டன் லோரி ஒன்று வந்தது. அலமாரி, கட்டில், தையல் எந்திரம், சாமிப் படங்கள் எல்லாம் ஏறியாயிற்று. கடைசியாக மோட்டார் சைக்கிள். ஓட்டிக்கொண்டே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சாலை வரி முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அப்பா அந்த விஷயத்தில் கண்டிப்பானவர்.

லோரியின் தட்டு தரையிலிருந்து மூன்றடி உயரம். "பின்பக்கம் கிடக்கிற நீளப் பலகையை எடுத்துட்டு வா" என்று அப்பா என்னை அனுப்பினார். அந்தப் பலகை பன்னிரண்டடி நீளம். வீட்டின் பின்புற வடிகாலுக்குப் பாலமாகக் கிடந்தது. அதன் இரு முனைகளும் சேற்றில் புதைந்திருந்தன. ஒருவனாக அதைக் கிளப்புவது கடினம். உதவிக்கு ஆள் கூப்பிட்டிருக்கலாம். மழை வேறு. சுவரோரம் ஆறடிப் பலகை ஒன்று சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன். "நீளப் பலகை எங்கடா?" என்றார். "உளுத்துப் போச்சுப்பா" என்றேன்.

உளுக்கவில்லை.

அதன்பின் நடந்தது சில விநாடிகள்தாம். அப்பா எஞ்சினை முடுக்கி, முதல் கியரில் போட்டு, கிளட்சைக் கையால் ஆட்டியபடி மோட்டாரின் இடப்பக்கம் நடந்தார். பின்னால் இருவர் தள்ளினார்கள். முன்சக்கரம் தட்டின் விளிம்பை எட்டியது. பின்சக்கரம் பலகையைப் பற்றிய கணத்தில் பலகையின் மேல்முனை தட்டை விட்டு நழுவியது. மோட்டார் சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது. அப்பாவின் இடது கணுக்கால் அதன் அடியில் இருந்தது.

எலும்பு கூடிற்று, ஆனால் நேராகக் கூடவில்லை. லோரியில் கிளட்ச் மிதிப்பது இடது கால். அப்பா அதன்பின் லோரி ஓட்டவில்லை. ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலைக்குச் சேர்ந்தார். அம்மா தோட்டம் தோட்டமாகப் போய் உதிரிப்பழம் பொறுக்கினார். நான் படித்தேன், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். அந்த ஆறடிப் பலகையைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. மோட்டார் சைக்கிளை மறுவாரம் யாரோ கொண்டுவந்து வீட்டுக் கொட்டகையில் நிறுத்தினார்கள். அங்கேயே நின்றது.

இவ்வளவு காலத்திற்குப் பிறகு என் தங்கையின் கணவர் ஒரு வேண்டுகோளோடு வந்தார். அவர் தெலுக் இந்தானில் இருக்கிறார். பழைய மோட்டார் சைக்கிள்களில் ஈடுபாடு கொண்டவர். "மாமாவோட பி.எஸ்.ஏ.வைத் தாங்க மச்சான், நான் ஓட வைக்கிறேன். அவர் கண்ணால அது ஓடுறதைப் பார்க்கணும்" என்றார். அப்பாவும் ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளையிடம் ஹைலக்ஸ் இருக்கிறது. "ரெண்டு பலகை போட்டுத் தள்ளிடலாம்" என்று அவர் எளிதாகச் சொன்னார். நான், "சாய்தளம் என் பொறுப்பு" என்றேன்.

கணக்கிலிருந்து தொடங்கினேன். நான் ஆசிரியன், எனக்குத் தெரிந்த வழி அதுதான். உராய்வை விட்டுவிட்டால், சரிவில் ஒரு பொருளை மேலே இழுக்கத் தேவைப்படும் விசை, பொருளின் எடையை உயரத்தால் பெருக்கிச் சரிவின் நீளத்தால் வகுத்தால் கிடைக்கும். மூன்றடி உயரத்திற்கு ஆறடிப் பலகை என்றால் 170 கிலோவில் பாதி, அதாவது 85 கிலோ எடையைத் தூக்கும் அளவு வலிமை வேண்டும். பன்னிரண்டடிப் பலகை என்றால் 42 அல்லது 43 கிலோ. சரியாகப் பாதி. நீளத்தில் செலவழிப்பதை வலிமையில் மிச்சப்படுத்துகிறோம். மொத்த வேலை குறைவதில்லை.

இதை அழகாகக் காட்டியவர் சைமன் ஸ்டெவின் என்னும் பிளெமிஷ் நாட்டு அறிஞர். 1586இல் வெளிவந்த அவருடைய நூலில் ஒரு படம் உண்டு. முக்கோணத்தின் ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் அதில் பாதி. பதினான்கு குண்டுகள் கோத்த மாலை ஒன்று அந்த முக்கோணத்தின்மேல் போடப்பட்டிருக்கும். நீளப் பக்கத்தில் நான்கு குண்டுகள், குட்டைப் பக்கத்தில் இரண்டு. மாலை தானாகச் சுழன்றுகொண்டே இருக்க முடியாது. ஆகவே நீளப் பக்கத்து நான்கும் குட்டைப் பக்கத்து இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்தாக வேண்டும். கருவி எதுவும் இல்லாமல், சிந்தனையாலேயே நிறுவிவிட்டார். இரண்டுக்கு ஒன்று என்ற அந்த விகிதத்தைப் பார்த்தபோது எனக்கு அறிவியல் தோன்றவில்லை. எங்கள் லயத்துப் பின்புறம்தான் தோன்றியது.

தஞ்சைப் பெரிய கோயிலை மறந்துவிட்டீர்களே என்று சிலர் கேட்கக் கூடும். மறக்கவில்லை. 1010இல் குடமுழுக்கு கண்ட அக்கோயிலின் விமானம் ஏறத்தாழ 66 மீட்டர் உயரம். உச்சிக் கல்லைச் சாரப்பள்ளம் என்னும் ஊரிலிருந்து சாரம் கட்டி ஏற்றினர் என்பது செவிவழிச் செய்தி. அந்த உச்சி ஒரே கல் அன்று, பல துண்டுகள் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். செய்தியை வரலாறாக அன்றிக் கணக்காக எடுத்துக்கொண்டு வகுப்பில் தந்தேன். ஆறு கிலோமீட்டர் நீளச் சரிவில் 66 மீட்டர் ஏறுவதென்றால் தொண்ணூறுக்கு ஒன்று. எண்பது டன் கல்லும் ஒரு டன்னுக்குக் குறைவான விசையில் ஏறிவிடும், உராய்வு மட்டும் இல்லாவிட்டால். "உராய்வு இல்லாட்டி ஆளுங்க எப்படி ஐயா நிப்பாங்க? வழுக்கிடுவாங்களே" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அந்தப் பாடத்தை இன்னொரு முறை நடத்தலாம்.

அதே வகுப்பில்தான் வேறொன்றையும் கற்றேன். புத்தகங்களை அடுக்கி, அதன்மேல் அடிக்கோலைச் சாய்த்து, பொம்மை லோரியை வில்தராசால் இழுத்துப் பார்க்கும் சோதனை. முதலில் முப்பது சென்டிமீட்டர் கோல். பிறகு ஒரு மீட்டர் நெகிழிக் கோல். நீளக் கோலில் தராசு குறைவாகக் காட்டும் என்று நான் காத்திருக்க, பின்வரிசைப் பையன் ஒருவன், "ஐயா, கோல் தொங்குது" என்றான். உண்மைதான். நடுவில் தொய்ந்து, லோரி பள்ளத்திலிருந்து ஏறுவது போல் கடைசியில் மிகச் செங்குத்தாக ஏறியது.

பாடநூல் சொல்லாதது இது. நீளம் சரிவைக் குறைக்கும், தொய்வைக் கூட்டும். அதே பலகை, அதே சுமை என்றால், இரு முனைகளுக்கிடையே தூரம் இரு மடங்கானால் நடுவில் தொய்வு எட்டு மடங்காகும். தடிப்பு இரு மடங்கானால் தொய்வு எட்டில் ஒன்றாகக் குறையும். அந்தப் பன்னிரண்டடிப் பலகையை அன்று நான் கொண்டுவந்திருந்தால் அது முறிந்திருக்குமோ? சில நாள்கள் இரவில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பலகையின் தடிப்பு எனக்கு நினைவில்லை. முறிந்திருக்கும் என்ற விடை வரவேண்டுமென்று நான் விரும்பினேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கடைக்குப் போனேன். மோட்டார் சைக்கிளுக்கென்றே அலுமினியத்தில் மடக்குச் சாய்தளங்கள் விற்கிறார்கள். 180 சென்டிமீட்டர், 210, 240 என்று அளவுகள். கடைக்காரர் முதலில் காட்டியது குட்டையானதையே. விலை குறைவு, வண்டியில் எளிதாக அடங்கும், எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். எடுப்பதற்கு எளிதாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எப்போதும் குட்டைப் பலகைதான் போலும்.

ஹைலக்ஸின் பின்கதவைத் திறந்து அளந்தேன். தரையிலிருந்து 85 சென்டிமீட்டர். 180 சென்டிமீட்டர் சாய்தளம் என்றால் 80 கிலோ விசை வேண்டும். 240 என்றால் 60. பள்ளிகளில் சக்கர நாற்காலிக்காகக் கட்டும் சரிவுக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. மோட்டார் சைக்கிளுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. உயரத்தைப் போல் மூன்று மடங்கு நீளம் இருந்தால் நல்லது, அதற்குக் குறைவது ஆபத்தின் பக்கம் போவது என்பது என் முடிவு. மூன்று மடங்கு என்றால் 255 சென்டிமீட்டர். கடையில் அவ்வளவு நீளம் இல்லை. இரும்பில் செய்து தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். ஆனால் அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அப்புறம் ஏற்றுகிற இடத்திற்கு மட்டுமன்றி இறக்குகிற இடத்திற்கும் அதைக் கொண்டு போக வேண்டும். பலரும் மறப்பது அதைத்தான். பழ ரேம்ப் மேடையோரம் வண்டியை நிறுத்தினால் சரிவே இல்லாமல் ஏற்றிவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னார், நல்ல யோசனைதான். ஆனால் தெலுக் இந்தானில் அவர் வீட்டு வாசலில் மேடைக்கு எங்கே போவது?

எடைக்குறிப்பில் ஒரு சூழ்ச்சி உண்டு. ஒரு சோடியின் மேல் 340 கிலோ என்று ஒட்டியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்தா, ஒன்றுக்கா என்று கேட்டேன். கடைக்காரர் இளைஞர் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "ரெண்டுக்கும் சேர்த்து" என்றார். மோட்டார் சைக்கிள் ஏறுவது ஒன்றின்மேல் மட்டும்தான். அப்படியானால் அதற்கு 170 கிலோ. எங்கள் வண்டியின் எடைக்குச் சரியாக வந்து நிற்கிறது. மனிதர் ஒருவர் கால் வைத்தால் போயிற்று. வாங்க வேண்டியது ஒன்றே தனியாக அதைப் போல் இரு மடங்கு தாங்கக் கூடியது.

வடிவத்தையும் பார்க்க வேண்டும். நேரான சாய்தளம் வண்டித் தட்டைச் சந்திக்கும் இடத்தில் ஒரு முனைப்பு உண்டாகும். முன்சக்கரம் தட்டில், பின்சக்கரம் சரிவில் இருக்கும்போது வண்டியின் வயிறு அந்த முனையில் இடித்து நின்றுவிடும். மேற்புறம் சற்று வில்லாக வளைந்த சாய்தளத்தில் அந்தத் தொல்லை குறைவு. பிறகு, நடப்பவர் எங்கே நடப்பார்? இதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. மோட்டார் சைக்கிள் ஏற ஏறக் கைப்பிடியும் உயர்ந்துகொண்டே போகும். பிடித்திருப்பவர் தரையிலேயே நின்றால் ஒரு கட்டத்தில் கை தலைக்கு மேல் போய்விடும். அந்த நிலையில் 170 கிலோ சாய்ந்தால் யாராலும் தாங்க முடியாது. அப்பா அன்று அப்படித்தான் சேற்றில் நின்றிருந்தார். சோடியில் இரண்டாவது துண்டு மனிதருக்கு.

240 சென்டிமீட்டர் நீளத்தில், வில்லாக வளைந்த, ஒவ்வொன்றும் தனித்தனியே 340 கிலோ தாங்கும் சோடியை வாங்கி வந்தேன். விலையை இங்கே எழுதவில்லை. துணைவியார் படிக்கிறார் என்று முன்னமே சொன்னேன்.

அன்று மாலை அப்பா வந்து அதைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார். எழுபதைக் கடந்தவர், இன்னும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

"எத்தனை அடி?"

"எட்டடிப்பா."

தலையசைத்தார். சாய்தளத்தின் மேல்முனையில் இருந்த இரண்டு துளைகளை விரலால் தடவினார். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அப்பா, அன்னைக்கு நீங்க நீளப் பலகையத்தான் எடுத்து வரச் சொன்னீங்க. அது உளுக்கல. நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். நாற்பது மாணவர்கள் முன்னால் மணிக்கணக்கில் பேசுகிறவன் நான். இந்த மூன்று வாக்கியங்களைச் சொல்ல ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

"தெரியும்யா" என்றார் அப்பா. "கோழியப் பிடிக்க மறுநாளு உங்க பாட்டி அது மேலதான நடந்து போச்சு. ஆஸ்பத்திரியில வந்து சொன்னிச்சு, பலகை நல்லாத்தான இருக்குன்னு."

நான் பேசாமல் நின்றேன். அவரே தொடர்ந்தார். "பலகை குட்டைன்னு விழலய்யா. மேல கட்டாம விட்டேன். கயிறு சீட்டுக்குப் பின்னாலதான் கெடந்துச்சு. மழை வருதேன்னு ஒரு அவசரம். இருபது வருசம் லோரி ஓட்டினவன், எனக்குத் தெரியாதா? கட்டாதது நான்." இவ்வளவையும் அந்தத் துளைகளைப் பார்த்தபடியே சொன்னார்.

அவர் சொன்னது உண்மை. சாய்தளம் நழுவுவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து. எஞ்சின் ஓடும்போது பின்சக்கரம் வண்டியை முன்னே தள்ள வேண்டுமானால் பலகையைப் பின்னே உதைத்தாக வேண்டும். நாம் நடக்கும்போது மணலைப் பின்னே தள்ளுவது போல. பலகை வண்டியோடு கட்டப்படாமல் சும்மா சாத்தியிருந்தால் அந்த உதையில் மேல்முனை தட்டை விட்டு வந்துவிடும். ஈரமும் களிமண்ணும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. அன்று ஒரு முழக் கயிறு போதும். அப்பா இன்றும் ஓட்டுநராகவே ஓய்வு பெற்றிருப்பார்.

ஆனால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தவன். பின்சக்கரம் பலகையை எவ்வளவு விசையோடு உதைக்கும் என்பதும் அந்தச் சரிவைப் பொறுத்ததே. ஆறடிப் பலகையில் அந்த உதை பன்னிரண்டடிப் பலகையில் உள்ளதைப் போல் இரு மடங்கு. கயிறில்லாத நீளப் பலகை ஒருவேளை நழுவாமலே இருந்திருக்கலாம். அப்பா சொன்னது பாதிக் கணக்கு. மீதிப் பாதி அந்தத் தாளில், என் சட்டைப் பையில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. "சரிப்பா" என்றேன்.

ஏற்றும் நாள் ஒரு சனிக்கிழமை. முந்தின இரவு மழை பெய்து, காலையில் வெயில் நன்றாகக் காயும்வரை காத்திருந்தோம். ஈரத்தில் தொடங்குவதில்லை என்று முன்பே முடிவு. ஹைலக்ஸை எங்கே நிறுத்துவது என்பதில் அப்பா ஒரு திருத்தம் சொன்னார். வாசலுக்கும் சாலைக்கும் இடையே ஆழமில்லாத புல் வடிகால் ஒன்று உண்டு. பின்சக்கரங்களை அதில் இறக்கி நிறுத்தச் சொன்னார். அளந்து பார்த்தேன்: தட்டு 15 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. 85 இப்போது 70. 60 கிலோ இப்போது 50. நான் பணம் கொடுத்து வாங்கத் தவறிய நீளத்தை அப்பா வடிகாலிலிருந்து எடுத்துத் தந்துவிட்டார்.

எஞ்சின் ஓடாத வண்டி. ஓடியிருந்தாலும் ஓட்டியிருக்க மாட்டோம். ஹைலக்ஸின் தட்டில் முன்பக்கமாகக் கை விஞ்சு ஒன்றைப் பொருத்தி, அதன் கம்பியை முன்கவையின் அடியில் மாட்டினோம். விஞ்சால் இழுத்தால் சக்கரம் சாய்தளத்தை உதைப்பதில்லை. கீழே நின்று தள்ளவும் ஆள் வேண்டியதில்லை. மாப்பிள்ளை விஞ்சைச் சுற்றினார். நான் இரண்டாவது துண்டின்மேல் நடந்தபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். என் மகன் எட்டி நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். நின்றான், பாதி நேரம்.

அதற்கு முன் சாய்தளத்தைக் கட்டியவர் அப்பா. கடைக்காரர் கொடுத்த நாடா இருந்தது, அதையும் மாட்டினோம். அப்பா திருப்தி அடையவில்லை. உள்ளே போய்ப் பழைய கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். குனிய முடியாமல் தரையில் உட்கார்ந்து, துளைகளில் கோத்து, ஹைலக்ஸின் பின்கொக்கியில் சுற்றி, லோரிக்காரர்கள் போடும் அந்த இழுவை முடிச்சைப் போட்டார். இழுத்துப் பார்த்தார். அவிழ்த்து மறுபடி போட்டார். நாங்கள் மூவரும் வெயிலில் நின்றோம்; யாரும் அவசரப்படுத்தவில்லை.

ஏற்றுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஹைலக்ஸின் தட்டு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்தான். மோட்டார் சைக்கிள் இரண்டு மீட்டருக்கும் மேல். பின்சக்கரம் திறந்த கதவின்மேல்தான் நின்றது. நான்கு மூலைக்கும் நாடா இழுத்து, முன்கவை சற்று அமுங்கும்வரை இறுக்கிக் கட்டினோம். பக்கக் காலை நம்பி நிறுத்தக் கூடாது. குலுங்கும்போது அதுவே வண்டியைச் சாய்த்துவிடும்.

இறக்குவது ஏற்றுவதைவிட அச்சமூட்டுவது. பின்பக்கமாக இறங்கும்போது எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்திற்குப் போய்விடுவதால் முன் பிரேக் ஏறக்குறையப் பயனற்றது. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். எஞ்சினை நிறுத்தியபடியே முதல் கியரில் போட்டு, கிளட்சைச் சிறிது சிறிதாக விட்டு, அதையே பிரேக்காகக் கொள்ள வேண்டும். பழைய வண்டியின் கிளட்சை நம்ப முடியாததால் விஞ்சின் கம்பியையும் விடாமல் பிடித்துக்கொண்டே தெலுக் இந்தானில் இறக்கினோம். அப்பா அங்கேயும் வந்திருந்தார். பெர்ணம் ஆற்றுப் பாலம் தாண்டியதும் ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினார்.

மாப்பிள்ளை எஞ்சினைப் பிரித்திருக்கிறார். உதிரிப் பாகங்கள் வரவேண்டும். எப்போது ஓடும் என்று கேட்டால் சிரிக்கிறார்.

சாய்தளம் இப்போது எங்கள் வீட்டுக் கொட்டகையில், மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில் கிடக்கிறது. அறிவியல் பாடத்திற்கு ஒருநாள் பள்ளிக்கும் கொண்டு போனேன். அக்கம்பக்கத்தில் செய்தி பரவி, புல்வெட்டும் எந்திரம் ஏற்றவும் குளிர்பெட்டி ஏற்றவும் கேட்டு வருகிறார்கள். வருகிறவர்களிடம் அப்பா கயிற்றையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறார். சென்ற வாரம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வாங்கிப் போனார். சாய்தளம் திரும்பி வந்துவிட்டது. கயிறு இன்னும் வரவில்லை. நாளைக்கு நேரில் போய்க் கேட்கப் போவதாக அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார்.